வலது கம்பத்துக்கு மேலே நின்ற பந்து

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் டயர் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில், வடக்குக் கோலின் வலது கம்பத்துக்கு மேலே, ஹர்ஷினி என்ற பெண் உதைத்த பந்து ஓராண்டும் நான்கு மாதமும் கீழே இறங்காமல் நின்றது. ஒரு பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு ஏறியது. அடுத்த வருடம் ஜூன் மாதம் இறங்கியது. இடையில் தக்காளி விலை இரண்டு முறை ஏறி ஒரு முறை இறங்கியது, பெட்ரோல் விலை மாதாமாதம் மாறியது, தொழிலாளர் கேம்ப்பில் குடிநீர்க் குழாயை இடம் மாற்றினார்கள். பந்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நம் கால்பந்து இல்லை. பந்து முட்டை வடிவம். பெரும்பாலும் கையில்தான் இருக்கும். எப்போதாவதுதான் காலுக்கு வேலை வரும். முப்பதடி உயரத்துக்கு நட்ட இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் குழாய்க்கு மேலே பந்தை உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி. ஒவ்வொரு கம்பத்துக்கு அடியிலும் ஒரு நடுவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். பந்து கம்பத்தின் உச்சியைத் தாண்டி உயரப் போய்விட்டால்தான் வம்பு. கம்பம் வானம்வரை நீண்டிருப்பதாக எண்ணிக்கொண்டு, அதன் வெளி விளிம்புக்குள் பந்து முழுசாக அடங்கியதா என்று சொல்ல வேண்டும். இல்லாத கம்பத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வேலை சரிப்படும். பிறகு இரு நடுவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து ஆளுக்கொரு சொல் சொல்லி, இரண்டடி முன்னே வந்து, ஒன்றாக இரண்டு கைகளையும் தூக்கினால் புள்ளி உண்டு. ஒன்றாகக் குறுக்கே வீசினால் இல்லை. ஒருவர் மட்டும் கை காட்டுவது அந்த ஆட்டத்தில் கிடையாது.

வலது கம்பத்தடியில் நின்றவன் அம்மையப்பன். சிவகங்கைப் பக்கத்து ஆள். பதினாலு வருடமாக முசஃபாவில் வெல்டர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தானென்றால் நேர் பார்க்கத் தூக்குக்குண்டு தேவையில்லை என்று பெயர் வாங்கியவன். அந்த மைதானத்துக் கம்பங்களை நட்டதே அவன்தான். நட்ட பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பந்து பட்டால் கம்பம் ஆடுகிறதா என்று பார்க்கப் போனான். அடியில் நின்று உள்ளே, வெளியே என்று தன் பாட்டுக்கு முணுமுணுத்தான். தலைமை நடுவர் ஒரு அமெரிக்க வாத்தியார். அவருக்கு அந்த முணுமுணுப்பின் அர்த்தத்தைச் சொன்னவர் இடது கம்பத்தடியில் நின்ற முகம்மது ரிபாய். ரிபாய் கீழக்கரைக்காரர், பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மேனேஜர், ஐந்து வருடமாக நடுவர். ஒரு சாயங்காலம் முழுக்க முணுமுணுப்பு ஒன்றுகூடத் தப்பவில்லை என்று கண்டதும் அவர்கள் அம்மையப்பனுக்கு நடுவர் போடும் வரிச்சட்டை ஒன்று கொடுத்தார்கள். விதிப்புத்தகத்தை ரிபாய் மூன்று வாரம் தன் கடை வாசலில் உட்கார வைத்துத் தமிழில் சொல்லிக்கொடுத்தார்.

அந்தச் சட்டை அவனுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். வாரத்தில் ஆறு நாள் அவன் பிறர் சொன்ன இடத்தில் நின்று, பிறர் சொன்னதைப் பற்றவைத்து, பிறர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டான். ஏழாம் நாள் அவன் கையைத் தூக்கினால் ஆட வந்த டாக்டரும் பேங்க் மேனேஜரும் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அவனுக்கு அதில் பெருமை உண்டு. பெருமையை மறைக்கவும் தெரியாது. சட்டையைத் துவைத்து, அயர்ன் பண்ணி, ரூமில் எட்டுப் பேரின் துணிகளுக்கு நடுவே தனி ஆணியில் மாட்டி வைத்திருந்தான். பார்க்காததைச் சொல்வதில்லை, பார்த்ததை மாற்றுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பிப்ரவரி மாலை இறுதி ஆட்டம். ஹர்ஷினியின் அணி ஆறு வருடத்தில் கோப்பையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இரண்டு புள்ளி பின்னால் இருந்தார்கள். நேரம் முடிய மூன்று வினாடி இருந்தது. ஆண்கள் அணியில் உதைப்பதற்கென்று இருந்த ஒரே பெண் அவள். இருபத்திரண்டு வயது, அபுதாபியிலேயே வளர்ந்தவள். அவள் அப்பா வெங்கட்ராமன் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மையப்பன் வேலை பார்க்கும் கம்பெனியில் அவர்தான் சீனியர் இன்ஜினியர். பந்து நன்றாக உயர்ந்து வந்தது. வலது கம்பத்தின் உச்சியைத் தாண்டி, அதற்கும் மேலே பத்தடி உயரத்தில், வெளி விளிம்புக்கு ஒரு விரல் கனம் வெளியே போவதை அம்மையப்பன் தெளிவாகப் பார்த்தான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அந்தக் கணம் பந்து நின்றது.

"என் பக்கம் சுத்தம். உன் பக்கம் என்னப்பா?" என்று ரிபாய் மூன்று முறை கேட்டார்.

"நிக்குது பாய்" என்றான் அம்மையப்பன். வேறு என்ன சொல்வது?

தலைமை நடுவர் புத்தகத்தைப் புரட்டினார். காற்றில் இருக்கும் பந்து உயிருள்ள பந்து. உயிருள்ள பந்து இருக்கும்வரை ஆட்டம் முடியாது. அவ்வளவுதான் புத்தகத்தில் இருந்தது. இரண்டு அணியும் இரண்டு மணி நேரம் நின்றன. பிறகு மறுநாள் டியூட்டி இருக்கிறது என்று கலைந்து போனார்கள். அடுத்த வாரம் ஆளைக் கூடையில் வைத்துத் தூக்கும் மேன்லிப்ட் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கூடை ஏற ஏறப் பந்தும் அதே அளவு ஏறியது, கூடை இறங்கினால் இறங்கியது. மார்ச்சில் அடித்த மணல் காற்றில் டயர் கடைக் கூரையின் தகரங்கள் பறந்தன. பந்தின் தையல்கூட அசையவில்லை. ஏப்ரலில் ஒரு மைனா அதன்மேல் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, வழுக்குகிறது என்று போய்விட்டது. டீக்கடை மலையாளி பந்தின் நிழல் தன் கடை வாசலைத் தொட்டதும் வடைக்கு எண்ணெய் காய வைத்தார். ஆட்டம் முடியாததால் லீக்கில் அடுத்த ஆட்டத்தைத் தொடங்க முடியவில்லை. ஸ்கோர் பலகை மின்சாரத்தைப் பிடுங்கிய பின்னும் எரிந்தது.

எல்லோரும் அம்மையப்பனைத்தான் பார்த்தார்கள். ஏதாவது ஒன்றைக் காட்டித் தொலை என்றார்கள். கண்ணால் பார்த்தபடி வெளியே என்று வீசிவிடலாம். ஆனால் அவன் வாயெடுத்த நேரத்தில் அல்லவா பந்து நின்றது? தான் சொல்ல வந்த சொல்லில் ஏதோ பிசகு இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. பிசகு எங்கே என்று தெரிகிறவரை கையைத் தூக்குவதில்லை என்று உறுதியாக இருந்தான். வெங்கட்ராமன்கூட ஆரம்பத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "என் பொண்ணுங்கறதுக்காக நீ எதுவும் பண்ண வேணாம்ப்பா. வெளியன்னா வெளியன்னு சொல்லிடு" என்று பெருந்தன்மையாகத்தான் பேசினார். அப்போது அவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஜூன் மாதம் கேம்ப் மெஸ்ஸில் ஒரு அடிதடி நடந்தது. நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் மைதானத்தைச் சாயங்காலம் இருட்டிய பிறகு கடப்பார்கள். பந்து கம்பத்துக்கு வெளியே நிற்கிறது என்றார்கள். டே ஷிப்டில் மதிய ஓய்வு முடிந்து மூன்று மணிக்குக் கடப்பவர்கள், உள்ளே நிற்கிறது, உங்களுக்கெல்லாம் கண் பொட்டையா என்று கேட்டார்கள். சாம்பார் வாளி பறந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அம்மையப்பன் தட்டோடு எழுந்துவிட்டான். பிசகு எங்கே என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இரும்பை விடியுமுன் நூல் பிடிக்க வேண்டும். இது முசஃபாவில் எந்த ஹெல்ப்பருக்கும் தெரியும். வெயில் ஏறிவிட்டால் குழாயின் வெயில் பட்ட பக்கம் நீளும், உச்சி மறுபக்கம் வளையும். அந்த நேரத்தில் தூக்குக்குண்டு கட்டி நேராக்கினால், குளிர்ந்த பிறகு கம்பம் கோணிக்கொள்ளும். அந்தக் கம்பங்கள் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம் நடப்பட்டவை. முதல் நாள் காங்கிரீட் லாரி தாமதமாக வந்தது. இடது கம்பத்துக்கு நூல் பிடித்துக் காங்கிரீட் போட்டது மறுநாள் விடியலில். வலது கம்பம் அதற்கு முந்தின நாளே குழியில் இறங்கியது. பன்னிரண்டரை மணிக்கு, கோடை வெயிலில் வேலை கூடாது என்ற மதிய ஓய்வுச் சட்டப்படி வேலையை நிறுத்தினார்கள். மூன்று மணிக்குத் திரும்பியபோது காங்கிரீட் லாரி உறுமிக்கொண்டு நின்றது. நாளைக்குக் காலையில் நூல் பிடிக்கலாம் சார் என்று அம்மையப்பன் சொல்லத்தான் செய்தான். யல்லா, கலாஸ், இப்பவே முடி என்று பாதி அரபியில் விரட்டினார் வெங்கட்ராமன். அவன் முடித்தான். மேற்கு வெயிலில் கிழக்கே வளைந்திருந்த குழாயை மூன்றரை மணிக்கு நேராக்கினான். சூரியன் இறங்கினால் அதன் உச்சி இரண்டு விரல் கனம் மேற்கே, கோலின் உள்பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். அவள் பந்து ஒரு விரல்தான் வெளியே போனது. கம்பம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தால் அது உள்ளே.

அவன் இதை முதலில் சொன்னது வெங்கட்ராமனிடம்தான். அவர் அறையின் கதவைச் சாத்தினார். அவருடைய பெருந்தன்மை அந்தக் கதவோடு வெளியே நின்றுவிட்டது.

"கம்ப்ளீஷன் பேப்பர்ல என் கையெழுத்து இருக்கு. அந்த மைதானத்துல லைட் டவரும் நாமதான் நட்டோம். ஒண்ணு கோணல்னா எல்லாத்தையும் தோண்டச் சொல்லுவாங்க. உன்னை அன்னிக்கே விசா கேன்சல் பண்ணி அனுப்புவாங்க. அப்புறம் என்னை. புரியுதா?"

"டவரெல்லாம் விடியக்காலைல நூல் பிடிச்சது சார். இது ஒண்ணுதான்."

"வாய மூடிக்கிட்டு இருப்பா. ரெண்டு பேருக்கும் நல்லது."

அவன் மூடிக்கொண்டுதான் இருந்தான். ஊரில் பாதி கட்டிய வீடு, படிக்கிற இரண்டு பிள்ளைகள், விசா போனால் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். ஒரு வருடம் அப்படிப் போயிற்று. பொய்க்குக் கை தூக்கவுமில்லை, உண்மைக்கு வாய் திறக்கவுமில்லை. அந்த ஒரு வருடத்தில் அவன் வரிச்சட்டையைத் தொடவே இல்லை. ஆணியில் அது தூசி படிந்து கிடந்தது. ஆனால் டியூட்டி இல்லாத நேரமெல்லாம் மைதானத்துக்குப் போய், ஏணி வைத்துக் கம்பத்தின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளந்தான். விடியலில் இரண்டு விரல். பத்து மணிக்கு அதைவிடக் கூட. ஜூன் வெயிலில் மூன்றரைக்கு ஒன்றுமில்லை. சிமென்ட் பையைக் கிழித்து அதில் தேதி போட்டு எழுதி வைத்தான். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள ஒரு வழி கிடைக்குமா என்றும் உள்ளூரத் தேடிக்கொண்டிருந்தான் போல. கிடைக்கவில்லை.

ஹர்ஷினி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். வேறு ஊரில் கிடைத்த வேலையையும் வேண்டாம் என்றாள். உதைத்த பந்து கீழே வராமல் எப்படிப் போவது என்று கேட்டாளாம். மறுபடி உதைத்துக்கொள் என்று கமிட்டி சொன்னதற்கும் மறுத்துவிட்டாள். ஒரு நாள் ஏணியின் கீழே வந்து நின்றாள். "அங்கிள், எனக்கு கப் வேணாம். என் கிக் உள்ளயா வெளியவா, அது மட்டும் தெரியணும். உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தோணுது" என்றாள். அவள் போன பிறகுதான் அம்மையப்பன் இறங்கினான்.

இரண்டாம் வருடம் ஜூனில் கமிட்டி பொறுமை இழந்தது. கம்பங்களை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு போடுவது என்று முடிவாயிற்று. யோசனை வெங்கட்ராமனுடையது. கம்பம் போய்விட்டால் பந்தை எதை வைத்து அளப்பது? அது பாட்டுக்கு நிற்கட்டும் என்றார். வலது கம்பத்தை வெட்ட கேஸ் கட்டரோடு அம்மையப்பனையே அனுப்பினார்; வேறு ஆளை அனுப்பியிருக்கலாம், ஆனால் அவனே வெட்டிவிட்டால் பிறகு பேச முடியாது என்று கணக்குப் போட்டார். மனிதர் இன்ஜினியர், எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார்.

மதிய ஓய்வு முடிந்து மூன்று மணிக்கு அம்மையப்பன் வந்தபோது மைதானத்தில் கூட்டம் இருந்தது. இரண்டு அணியிலும் மிச்சம் இருந்தவர்கள், கமிட்டி ஆட்கள், தலைமை நடுவர், கராஜ்களிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஹர்ஷினி உதைத்த இடத்திலேயே நின்றிருந்தாள். ரிபாய் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். அம்மையப்பன் கம்பத்தடியில் கட்டரைப் பற்றவைத்தான். நீலச் சுவாலையைச் சிறிது நேரம் பார்த்தான். பிறகு வால்வைத் திருகி அணைத்துக் கீழே வைத்தான். மேலே போட்டிருந்த கவரால் உடுப்பின் ஜிப்பை இடுப்புவரை இறக்கினான். உள்ளே வரிச்சட்டை போட்டிருந்தான், அயர்ன் பண்ணியது.

"பாய், உங்க கம்பத்தடிக்குப் போங்க" என்றான்.

ரிபாய் போய் நின்றார். அம்மையப்பன் அண்ணாந்து பார்த்தான். மணி மூன்றரை. கம்பம் நூல் பிடித்தாற்போல் நின்றது. பந்து அதன் வெளி விளிம்புக்குள் முழுசாக அடங்கியிருந்தது. கூட்டத்தில் யாருக்கும் அதில் சந்தேகம் இருந்திருக்காது. வெங்கட்ராமன் ஓட்டமும் நடையுமாக வந்து, அவன் காதருகே, "இப்ப உள்ளதானே தெரியுது? கையைத் தூக்கு, கலாஸ். கம்பத்தைப் பத்தி எதுக்கு?" என்றார். குரல் கெஞ்சியது. அம்மையப்பனுக்கும் அந்த நப்பாசை இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. ரிபாயைப் பார்த்து, "உள்ள" என்றான். "உள்ள" என்றார் அவர். இருவரும் இரண்டடி முன்னே வந்து நான்கு கைகளையும் தூக்கினார்கள். கூட்டம் அண்ணாந்தது. பந்து அசையவில்லை.

தூக்கிய கையை அம்மையப்பன் இறக்கவில்லை. கை தூக்கியபடியே, கேம்ப்வரை கேட்கிற குரலில் சொன்னான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தக் கம்பம் கோணலு. நட்டது நான். இரும்ப விடியுமுன்ன நூல் பிடிக்கணும், நான் மூணர மணிக்குப் பிடிச்சேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். ஒரு வருசமாத் தெரிஞ்சே வாயப் பொத்திக்கிட்டும் இருந்தேன். அன்னிக்கு ராத்திரி எடம் மாறி நின்னது கம்பம்தான், பந்து இல்ல. இந்தப் புள்ள அடிச்சது உள்ள."

பந்து நகர்ந்தது. விட்ட இடத்திலிருந்து, விட்ட வேகத்தில், பின்னால் இருந்த வலைக்கு மேலே போய் டயர் கடையின் தகரக் கூரையில் விழுந்து, இரண்டு முறை குதித்து, டீக்கடை வாசலில் வந்து கிடந்தது. தலைமை நடுவர் விசில் ஊதினார். ஸ்கோர் பலகையில் மூன்று புள்ளி ஏறி, விளக்கு அணைந்தது. ஹர்ஷினி கத்தவுமில்லை, குதிக்கவுமில்லை. புல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஓராண்டும் நான்கு மாதமும் அழாததைச் சேர்த்து அழுதாள் என்று ரிபாய் சொல்வார். வெங்கட்ராமன் மகளிடம் போவதா காருக்குப் போவதா என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

அம்மையப்பனுக்கு அந்த வாரமே விசா கேன்சல் ஆனது. லைட் டவர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாம் நேராகத்தான் இருந்தன. ஊருக்குப் போகுமுன் அவனுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. விடியற்காலை நாலரை மணிக்கு வலது கம்பத்தின் அடியைத் தோண்டி, மறுபடி நிறுத்தி, நூல் பிடித்தான். தூக்குக்குண்டின் நூலை மறுபக்கம் நின்று பிடித்தவர் வெங்கட்ராமன். கோணலுக்குத் தானும் பொறுப்பு என்று பேப்பரில் தன் பெயரையும் எழுதிக்கொடுத்திருந்தார். மகள் பேசாமல் இருந்த நான்கு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். "ஒரு நூல் கனம் உள்ள வாங்கு" என்று அம்மையப்பன் சொன்னதும், சரி என்று கம்பத்தை நகர்த்தினார். அவருக்கு வேலை போகவில்லை; ஆனால் வர வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. ஹர்ஷினி அடுத்த மாதம் துபாயில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பஸ் பிடித்து வந்து உதைக்கிறாள்.

மூன்று மாதம் ஊரில் இருந்துவிட்டு அம்மையப்பன் ஓமானில் மஸ்கட்டை ஒட்டிய ரூவிக்கு வேறு கம்பெனி விசாவில் வந்து சேர்ந்தான். அதே வருடம் நவம்பரில், முசஃபாவில் வேறொருவன் உதைத்த பந்து, இந்த முறை வலது கம்பத்தின் விளிம்புக்கு நேர் மேலே போய் நின்றது. புதிதாக வந்த நடுவர் உள்ளே என்றும் சொல்லிப் பார்த்தார், வெளியே என்றும் சொல்லிப் பார்த்தார். யாரும் பதறவில்லை. மேன்லிப்டும் கொண்டுவரவில்லை. ரிபாய் ரூவிக்குப் போன் போட்டார். அம்மையப்பன் லீவு சொல்லிவிட்டு, வரிச்சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு காலை பஸ் ஏறினான். பார்டரில் என்ன வேலையாகப் போகிறாய் என்று கேட்டவர்களிடம், ஒரு பந்தைப் பார்க்க என்றான். முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சாயங்காலம் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "வெளிய பாய்" என்றான். இருவரும் இரண்டடி முன்னே வந்து கைகளைக் குறுக்கே வீசினார்கள். பந்து இறங்கியது. தோற்ற அணிக்காரர்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

இப்போது வருடத்துக்கு மூன்று நான்கு முறை அப்படி நடக்கிறது. விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: பந்து நின்றால் ரூவி பஸ் வரும்வரை இடைவேளை. ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு மறுநாள் வருகிறார்கள். டீக்கடைக்காரர் நிழலைப் பார்த்து வடைக்கு எண்ணெய் காய வைக்கிறார்.